கஜனுக்கு ஏன் துடக்கு?

“ஐயோ... என்ர பிள்ளை!”

அலறல் நாதஸ்வரத்தையும் மீறி எழுந்தது.

பாரிஸ், லா சப்பல். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையார் தேரேறி வந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கூட்டம். தெரு முழுக்கச் சிதறு தேங்காய்.

நடைபாதையிலிருந்து ஒரு தள்ளுவண்டி வழுக்கி இறங்கியது. உள்ளே கைக்குழந்தை. நேராகத் தேர்ச் சில்லை நோக்கி...!

“வடத்தை வலப்பக்கம் இழுங்கோ... எல்லாரும் பிடியுங்கோ!”

ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். வடத்தின் நுனி கஜனின் காலடியில் கிடந்தது. குனிந்தால் போதும்.

கஜன் குனியவில்லை.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்வாங்கினான்!

நல்லவேளை... காவலுக்கு நின்ற பிரெஞ்சுப் பொலிஸ்காரி ஒருத்தி பாய்ந்து தள்ளுவண்டியை இழுத்தெடுத்தாள். குழந்தை தப்பியது. தாய் மயங்கினாள். நாதஸ்வரக்காரர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள்.

ஒருத்தி மட்டும் கஜனைப் பார்த்தாள்.

ஜெகதீஸ்வரி. கஜனின் அண்ணன் மனைவி.

“ஏன் தம்பி வடத்தைப் பிடிக்கேல்லை?”

“நாரி பிடிச்சிட்டுது அண்ணி. குனியேலாமக் கிடக்கு.”

“போன வருசம் முழுத் தெருவும் நீர்தானே முன்னுக்கு நிண்டு இழுத்தனீர்?”

“அது போன வருசம்.”

சொல்லிவிட்டு நழுவினான். இடுப்புப் பிடித்தவன் நடக்கிற நடையா அது? தேர் போன கையோடு, கடை வாசலில் கிடந்த இருபது கிலோ அரிசி மூட்டையைத் தலையணை தூக்குவதுபோலத் தூக்கி வானுக்குள் போட்டான்.

ஜெகதீஸ்வரி அதையும் பார்த்தாள்.

*

அந்த வானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்பது பேர் உட்காரலாம். அண்ணன் இராஜேந்திரனும் தம்பி கஜனும் அதை வைத்துத்தான் சுற்றுலாத் தொழில் செய்தார்கள். தென் இத்தாலியின் நாட்டுப்புறம். ஒலிவ் தோப்புகள், கூம்புக் கூரை போட்ட கல்வீடுகள், வெயிலில் தூங்கும் கிராமங்கள். சின்னக் குழு. பயணிகளுக்கு அங்குள்ள பாரி நகரம் வரை விமானம், அதற்குப் பிறகு கஜன் முன்கூட்டியே ஓட்டிவந்து நிறுத்தும் வான், பாரிசுக்குத் திரும்புவதும் அதில்தான். ‘எங்கு போனாலும் மத்தியானம் சோறு நிச்சயம்’ என்பது விளம்பரம். நம் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்?

கஜன் ஓட்டுவான். இராஜேந்திரன் இடங்களைக் காட்டுவார், சமைப்பார். இரண்டிலும் கெட்டிக்காரர்.

மூன்று கிழமைக்கு முன்பு போன பயணத்திலிருந்து இராஜேந்திரன் திரும்பி வரவில்லை.

“அண்ணை கனடாவுக்குப் போட்டார் அண்ணி” என்றான் கஜன், தனியாக வந்து இறங்கிய அன்று. “இந்த வாழ்க்கை அலுத்துப் போச்சு, ஒருத்தரும் என்னைத் தேடக்கூடாது எண்டு சொன்னவர். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தன்.”

புருஷனின் ஃபோன் அணைந்தே கிடந்தது. ஜெகதீஸ்வரி பொலிசுக்குப் போனாள். வயது வந்த ஆள், விரும்பினால் எங்கும் போகலாம், மதாம் என்று தோளைக் குலுக்கினார்கள்.

வெறும் வாயை மெல்லும் லா சப்பலுக்கு அவல் கிடைத்தது! மரக்கறிக் கடையிலும் அதே கதை. புடவைக் கடையிலும் அதே கதை. “மனுசன் விட்டிட்டுப் போட்டாராமே... பிள்ளை குட்டியும் இல்லை, பாவம்” என்று அவள் காதுபடவே சொன்னார்கள். ஜெகதீஸ்வரி தலை குனிந்து நடக்கப் பழகினாள். தேர் பார்க்கக்கூட வருவதாக இல்லை. வந்தது பிள்ளையாரிடம் சண்டை பிடிக்க.

பிள்ளையார் பதில் சொல்லிவிட்டார். அவளுக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.

விளங்க வைத்தவள் தில்லைநாயகி. கோயிலில் பூ கட்டுகிறவள். ஊர்க் கதை எதுவானாலும் அவள் கூடையில் முதலில் விழும்.

“ஜெகதா, உன்ர மச்சான்காரன் கஜனுக்கு என்ன வந்தது? திருநீறு குடுத்தன். வேண்டாம் எண்டு விலகிப் போறான்.”

“திருநீறையோ?”

“ஓம். கோயில் வாசற்படியும் மிதிக்கேல்லை. றோட்டுக்கு அங்காலை நிண்டு பார்க்கிறான். துடக்குக்காரர் மாதிரி.”

ஜெகதீஸ்வரி அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்தாள்.

துடக்கு...!

வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. இரத்த உறவுக்காரர் கோயிலுக்குள் போகமாட்டார்கள். தேர்வடத்தைத் தொடமாட்டார்கள். திருநீறு வாங்கமாட்டார்கள். மச்சமும் மாமிசமும் தின்னமாட்டார்கள்.

மாமிசம்!

மட்டன் ரோல்ஸ் இல்லாமல் தேநீர் குடிக்காத கஜன், இப்போதெல்லாம் அவள் கறி கொடுத்தனுப்பினால் “வயித்துக்குச் சரியில்லை அண்ணி” என்று திருப்பி அனுப்புகிறானே... எத்தனை நாளாக? அந்தப் பயணத்திலிருந்து வந்த நாளாக!

கஜனுக்குத் தாய் தகப்பன் போய்ச் சேர்ந்து வருசக்கணக்கு. இரத்த உறவென்று இந்த உலகத்தில் மிச்சம் ஒரே ஒருவர்தான்.

அண்ணன்.

“அவர் கனடாவுக்குப் போகேல்லை” என்று ஜெகதீஸ்வரி முணுமுணுத்தாள். “என்னை விட்டிட்டுப் போகேல்லை.”

அழுகைக்கு முன்னால் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. அதற்காக வெட்கப்பட்டாள். பிறகு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது உள்ளே வேறொன்று எரிய ஆரம்பித்திருந்தது.

சாவை மறைத்துப் பொய் சொன்னால் கொன்றதும் அவனேதான். கொலைக்குப் பயப்படாதவன் துடக்குக்குப் பயந்திருக்கிறான்! அண்ணனைத் தின்றவன் ஆட்டிறைச்சியைத் தள்ளி வைத்திருக்கிறான்!

பொலிசுக்குப் போகலாமே என்பீர்கள். போய் என்ன சொல்வது? ‘ஐயா, என் கொழுந்தன் தேர்வடத்தைத் தொடவில்லை, ஆகவே என் புருஷன் செத்துவிட்டார்’ என்றா? பிரெஞ்சு இன்ஸ்பெக்டர் அவளுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, நல்ல டொக்டராகப் பார்த்து அனுப்பியிருப்பார்.

ஜெகதீஸ்வரி பொலிசுக்குப் போகவில்லை. கஜனிடம் போனாள்.

“அடுத்த இத்தாலிப் பயணம் எப்ப தம்பி?”

“வாற கிழமை. ஏன் அண்ணி?”

“சமைக்க ஆள் வேணுமெல்லோ? நான் வாறன்.”

“நீங்கள் ஏன் அலையுறியள்? வெயில் கொல்லும்.”

“வீட்டிலை இருந்தா ஊர் கொல்லுது. வெயில் பரவாயில்லை.”

கஜனால் மறுக்க முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தப் பயணத்துக்குள்தான் வருகிறது என்பதை இரண்டு பேருமே கணக்குப் பார்த்திருந்தார்கள். அன்று துடக்குக் கழிக்க அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் செய்ய வேண்டும். திருநீறுக்கே பயந்தவன் அதைச் செய்யாமல் விடுவானா? எங்கே செய்வான்?

அண்ணன் கிடக்கிற இடத்தில்!

*

தென் இத்தாலி வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

வானுக்குள் சென்னைத் தம்பதி ஸ்ரீஹரியும் சுபாஷினியும். இரண்டு பேரும் கணினி வேலை. பின் இருக்கையில் புதுச்சேரி மதலேன் அம்மாள், கையில் விசிறி. முன்னால் கஜன். பக்கத்தில் ஜெகதீஸ்வரி, மடியில் புளிச்சாதப் பாத்திரம்.

“ஆன்ட்டி, நேத்து வச்ச வத்தக்குழம்பு வேற லெவல்” என்றான் ஸ்ரீஹரி. “போன வருஷம் வந்த என் ஃப்ரெண்டு, உங்க ஹஸ்பண்ட் சமையலப் பத்தித்தான் பேசிட்டே இருந்தான். அவர் வரலையா?”

வான் ஒருமுறை குலுங்கியது.

“அவர் இந்தப் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறார் தம்பி” என்றாள் ஜெகதீஸ்வரி. “என்ன கஜன்?”

கஜன் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினான். கொஞ்ச நாளாக அவனுக்கு இராத்திரி ஓட்டம் ஆகாது. பக்கத்து இருக்கையில் அண்ணன் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

மத்தியானம் ஒரு கிராமத்தில் நிறுத்தினார்கள். சாப்பாடு முடிந்தது. தென் இத்தாலியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாய்கூடக் குரைக்காது. கடைகள் பூட்டு. சன்னல்கள் அடைப்பு. ஊரே குறட்டை.

“ஷோஃபர் எங்க போறார், இந்த வெயில்ல?” என்றாள் மதலேன் அம்மாள், விசிறியை நிறுத்தாமல்.

கஜன் வானின் பின்கதவைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு ஒலிவ் தோப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். பைக்குள் என்ன இருக்கும் என்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். எள்ளும் தர்ப்பையும் அவன் லா சப்பலில் வாங்கும்போதே பார்த்துவிட்டாள்.

“நீங்கள் கொஞ்சம் கண்ணயருங்கோ அம்மா. நான் காலாறிட்டு வாறன்.”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

*

இடிந்த கல்வீடு ஒன்று. அதன் பின்னால் வற்றிப்போன பழைய மழைநீர்க் கிணறு. வாய்க்கு மேலே பலகைகள் அடுக்கியிருந்தன.

கஜன் சட்டையைக் கழற்றினான். தெற்கே பார்த்து உட்கார்ந்தான். விரலில் தர்ப்பை. வாழையிலைக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. அதில் பச்சரிசிப் பிண்டம். மந்திரம் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

“அண்ணை... மன்னிச்சுக்கொள் அண்ணை. எள்ளும் தண்ணியும் இறைக்கிறன். குடிச்சிட்டு மேலை போ. என்ர வானுக்குள்ளை வராதை.”

மூன்று தரம் இறைத்தான். மூன்றாவது தரம் நீர் விழுந்த இடத்தில் இரண்டு பாதங்கள் நின்றன.

நிமிர்ந்தான்.

“அண்ணி...!”

“முழுக்கச் செய்து முடி. அரைகுறையா விட்டா ஆத்துமா அலையும்.”

கஜன் செம்போடு பின்னால் நகர்ந்தான்.

“எப்பிடி... எப்பிடித் தெரியும்?”

“நீதான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனி. தேர்வடத்துக்குக் கிட்ட நிண்டு சொன்னனி. திருநீறுத் தட்டுக்கு முன்னாலை சொன்னனி. கொலை செய்தவன் ஒரு மட்டன் ரோல்ஸைத் திண்டிருந்தா நான் பைத்தியக்காரி மாதிரி கனடாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருந்திருப்பன்.”

கஜன் அழுதான். அழுகையோடு எல்லாம் வந்து விழுந்தது.

பேப்பர் இல்லாத ஆட்களை இத்தாலியில் ஏற்றி, சுற்றுலாப் பயணிகளோடு கலந்து, பாரிசுக்குக் கடத்தி வந்திருக்கிறான். போன தடவை இந்தக் கல்வீட்டில் இரண்டு பேரை ஒளித்து வைத்திருந்ததை அண்ணன் கண்டுவிட்டார்.

“கன்னத்திலை அறைஞ்சார் அண்ணி. பொலிசுக்கு ஃபோன் எடுக்கப் போனார். பிடிச்சுத் தள்ளினன். கல்லிலை தலை அடிபட்டு இந்தக் கிணத்துக்கை விழுந்திட்டார். கூப்பிட்டன். அசைவில்லை. பலகையைப் போட்டு மூடிட்டன்.”

“இறங்கிப் பார்க்கேல்லையோ?”

“பயம்.”

“இப்ப இறங்கு.”

“அண்ணி?”

“கொள்ளி வைக்காத உடம்பு. எலும்பையாவது எடுத்துத் தா. நான் கொண்டுபோய்க் கடலிலை கரைக்கிறன். இல்லையெண்டா உன்ர வானை விட்டு அவர் இறங்கவே மாட்டார்.”

கஜனுக்கு அது நியாயமாகப் பட்டது. பயந்தவனுக்கு எதுவும் நியாயமாகத்தான் படும். வானிலிருந்து இழுவைக் கயிற்றை எடுத்து வந்தான். ஒலிவ் மரத்தில் கட்டினான். பலகைகளை விலக்கினான்.

மூன்று ஆள் உயரம். அடியில் இருட்டும் சருகும்.

கயிற்றைப் பிடித்து இறங்கினான். காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டதும் ஜெகதீஸ்வரி மரத்தடிக்குப் போனாள். முடிச்சை அவிழ்த்தாள்.

கயிறு கஜனின் தலையில் விழுந்தது.

“அண்ணி... கயிறு அவிண்டிட்டுது.”

“அவிழேல்லை. அவிட்டனான்.”

ஜெகதீஸ்வரி கிணற்று வாயில் குனிந்தாள்.

“அவரோடை இரு. நீ செய்த வேலைக்கு நீயே காவல் இரு. என்ர மனுசன் என்னை விட்டிட்டுப் போட்டார் எண்டு சொல்லி ஊர் சிரிக்க வைச்சியே... அதுக்குத்தான் இது. கொலைக்குக்கூட இல்லை, அதுக்கு.”

ஒரு மாதத்து அவமானமும் அந்தக் கிணற்றுக்குள் இறங்கியது. மனசு காற்றுப்போல ஆகிவிட்டது. திரும்பி நாலடி வைத்தாள்.

“அண்ணி...” கஜனின் குரல் மாறியிருந்தது. “இஞ்சை ஒண்டும் இல்லை.”

நின்றாள்.

“என்ன?”

“சருகெல்லாம் கிளறிட்டன். அண்ணை இல்லை. எலும்பும் இல்லை. ஒரு செருப்புத்தான் கிடக்கு.”

ஜெகதீஸ்வரி கிணற்றடிக்குத் திரும்பினாள்.

அப்போதுதான் தோப்பின் கல்மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

“ஏய்... இஞ்சாலை வா சனியனே. அங்காலை போகாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

ஆட்டைத் திட்டுகிற குரல். அசல் யாழ்ப்பாணத் தமிழ்!

ஜெகதீஸ்வரி மதிலை எட்டிப் பார்த்தாள்.

வைக்கோல் தொப்பி. ஒரு மாதத்துத் தாடி. கக்கத்தில் ஊன்றுகோல். இடுப்பில் சாரம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

இராஜேந்திரன்!

“ஜெ... ஜெகதா?”

“உயிரோடையோ இருக்கிறியள்?”

“ஓம்... இல்லை... அது வந்து...”

தூரத்துப் பண்ணை வீட்டுச் சன்னலில் ஒரு வெள்ளைக்காரி தலையை நீட்டினாள். “ராஜா...!” என்று தேனொழுகக் கூப்பிட்டாள். கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

இராஜேந்திரன் ஊன்றுகோலை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார்.

“அவதான் காப்பாத்தினவ. அண்டைக்குப் பின்னேரம் நாய் குரைச்சு, வந்து பார்த்து, கயிறு கட்டி உழவு மெசினாலை இழுத்தெடுத்தவ. பிறகு ஆடு விழாமல் பலகையைத் திருப்பி மூடிவிட்டவ. கால் முறிஞ்சு போச்சு.”

“கை?”

“என்ன கை?”

“கையும் முறிஞ்சதோ எண்டு கேட்டன். ஒரு ஃபோன் எடுக்க.”

“எடுப்பம் எண்டுதான் இருந்தன் ஜெகதா. ஒரு கிழமை போச்சு. பேந்து யோசிச்சன்... எல்லாரும் நான் செத்துப் போட்டன் எண்டுதானே நினைப்பினம். இஞ்சை வாடகை இல்லை, மெட்றோ இல்லை, ஒருத்தரும் ஒண்டும் கேக்கினமில்லை.” அவர் தலையைச் சொறிந்தார். “நிம்மதியாக் கிடந்துது.”

நிம்மதி!

ஜெகதீஸ்வரி அந்தச் சொல்லை மெல்ல மென்றாள். லா சப்பலின் ஒவ்வொரு கடை வாசலும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று. கஜன் சொன்ன பொய்யில் கனடா மட்டும்தான் பொய்யாக இருந்திருக்கிறது.

அவள் அழவில்லை. கண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. சிரித்தாள்.

“சரி, விடுங்கோப்பா. உயிரோடை இருக்கிறியளே, அதுவே போதும். உங்களைக் கொல்லப் பார்த்தவனை ஒருக்கா வந்து பாருங்கோ.”

“கஜனோ? எங்கை?”

“கிணத்துக்கை. நான்தான் இறக்கி வைச்சிருக்கிறன்.”

இராஜேந்திரனின் முகம் மலர்ந்தது. “நீயோ? உன்னிலை இவ்வளவு கெட்டித்தனம் இருக்கெண்டு எனக்குத் தெரியாமல் போச்சே.”

நொண்டிக்கொண்டு வேகமாக வந்தார். கிணற்றடியில் நின்றார். ஊன்றுகோலை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கல்விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

“டேய் நாயே... நிமிர்ந்து பாரடா. ஆர் எண்டு தெரியுதோ?”

கீழேயிருந்து கஜன் போட்ட அலறலில் ஒலிவ் மரத்துக் குருவிகள் பறந்தன. அவனைப் பொறுத்தவரை எள்ளுத் தண்ணீர் வேலை செய்யவில்லை!

இராஜேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பில் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

ஜெகதீஸ்வரி ஊன்றுகோலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள்.

தொப்!

சருகும் தம்பியும் மெத்தையாக இருந்ததால் இராஜேந்திரனுக்கு மற்றக் கால் தப்பியது.

“அம்மா... ஜெகதா! என்ன வேலை செய்தனி? பொலிஸ் வரும், விளங்குதோ?”

“வரும். நான்தான் கூப்பிடப் போறன். இத்தாலிப் பொலிசு சாப்பிட்டுப் படுத்திருக்கும், பின்னேரம் எழும்பட்டும். அது மட்டும் அண்ணனும் தம்பியும் நிம்மதியாக் கதைச்சுக்கொண்டிருங்கோ.”

“இது கொலையடி ஜெகதா... கொலை!”

அவள் பலகையை எடுத்தாள். கிணற்று வாயில் வைப்பதற்கு முன்னால் குனிந்து, புருஷனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள்.

“எள்ளும் தண்ணியும் இறைச்சு முடிஞ்ச ஆளைக் குழிக்குள்ளை இறக்கினா அதுக்குப் பேர் கொலை இல்லையப்பா... அடக்கம்!”